திருப்பணிச் சாரத்தில் நம் பிள்ளைகளுக்கும் ஓர் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற மாதம் தங்கள் வாசகர் பகுதியில் வெளிவந்த ஒரு கடிதம் என்னை எழுத வைத்திருக்கிறது. நம் மொரிசியஸ் தீவில் 2019 முதல் அரசுப் பல்கலைக்கழகங்களில் முதல் பட்டப் படிப்புக்குக் கட்டணம் இல்லாமல் போனதால், பிள்ளைகள் படம் வரையும் படிப்பில் சேர்ந்து ஆண்டுகளை வீணடிக்கிறார்கள் என்றும், தமிழ்ப் பெற்றோர் அதைத் தடுக்க வேண்டும் என்றும் அந்த அன்பர் எழுதியிருந்தார். சமூகத்தின்மேல் உள்ள அக்கறையால்தான் எழுதியிருக்கிறார். அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்தப் படிப்பு நடக்கும் கூடத்துக்குள் அவர் போனதில்லை என்பது வரிக்கு வரி தெரிகிறது.

என் இளைய மகள் மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் நுண்கலை இளங்கலைப் பட்டத்துக்கு இறுதியாண்டு படிக்கிறாள். நான் தொடக்கப் பள்ளியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன். ரோஸ்ஹில்லில் வசிக்கிறேன். எங்கள் வட்டாரக் கோயிலின் நிர்வாகக் குழுவில் பல ஆண்டுகள் இருந்தவன். அதனால் ஒரு தகப்பனாகவும் கோயில் காரியம் தெரிந்தவனாகவும் சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன்.

முதலாண்டின் பெரும்பகுதியில் அவர்களை வண்ணத்தின் பக்கமே விடவில்லை. வெள்ளைத் துணி, வெள்ளைக் கிண்ணம், சில முட்டைகள். ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வெளிச்சம். கரித்துண்டால் வரைய வேண்டும். வெள்ளைப் பொருளை வெள்ளைத் தாளில் கரியால் காட்டுவதென்றால் வெறும் கோடு உதவாது. எந்த இடம் எவ்வளவு இருட்டு, அதற்கு அடுத்த இடம் எவ்வளவு என்று கண் எடை போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஓர் இரவு என் மகள் சமையலறை மேசையில் ஒரு முட்டையை வைத்து, விளக்கைத் திருப்பி, "அப்பா, இதில் எந்த இடம் மிகவும் இருட்டு, சொல்லுங்கள்" என்றாள். ஓரத்தைக் காட்டினேன். "ஓரத்தில் மேசையின் வெளிச்சம் திரும்பி வந்து படுகிறது, பாருங்கள். இருட்டு ஓரத்துக்குச் சற்று உள்ளே இருக்கிறது" என்றாள். பார்த்தேன், அப்படியேதான் இருந்தது. ஆயுள் முழுவதும் முட்டையைப் பார்த்திருக்கிறோம். அந்த வெளிச்சத்தைக் காண ஒரு பிள்ளைக்கு மாதக்கணக்கில் பயிற்சி தேவைப்படுகிறது.

பிறகு மனித உருவம். கையை நீட்டி, பென்சிலை நிமிர்த்திப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு தலையின் நீளத்தை அளவாக எடுக்கிறார்கள். அந்த அளவைக் கொண்டே தோள் எங்கே, இடுப்பு எங்கே, முழங்கால் எங்கே என்று தாளில் குறிக்கிறார்கள். நிற்கும் மனிதன் ஏறக்குறைய ஏழரைத் தலை உயரம் என்பது அவர்கள் பாடம். இந்தச் செய்தியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். கோயிலைப் பற்றிச் சொல்லும்போது இது வேண்டியிருக்கும்.

சிற்பக் கூடத்தில் களிமண். கனமான உருவத்தை உள்ளே குடைந்து சுவரைச் சீராக்கி, வாரக்கணக்கில் உலர விட வேண்டும். உள்ளே ஈரம் தங்கினால் சூளை சூடேறும்போது நீர் ஆவியாகி உருவம் வெடித்துவிடும். பக்கத்தில் வைத்திருக்கும் தோழியின் வேலையையும் சேர்த்து உடைக்கும். ஒரு பருவத்தின் உழைப்பு அப்படிப் போனால் மதிப்பெண்ணுக்காக அழுதுகொண்டிருக்க நேரமில்லை. மறுநாள் காலை மறுபடியும் மண் பிசைய வேண்டும். நம் பிள்ளைகளுக்கு உறுதி இல்லை, பொறுமை இல்லை என்று பேசுகிறவர்கள் அந்தக் கூடத்தில் ஒரு காலைப்பொழுது நின்று பார்க்கட்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது செப்புத் தகட்டு அச்சு. வழவழப்பாகத் தேய்த்த தகட்டின்மேல் மெழுகுப் பூச்சு. அதன்மேல் ஊசியால் வரைந்தால், கீறிய இடத்தில் செம்பு வெளிப்படும். பெரிக் குளோரைடு கரைசலில் இட்டால் கீறிய கோடு மட்டும் அரிக்கப்பட்டுப் பள்ளமாகும். எவ்வளவு நேரம் கரைசலில் கிடக்கிறதோ அவ்வளவு ஆழம். எவ்வளவு ஆழமோ அவ்வளவு கறுப்பு. பிறகு மெழுகை நீக்கி, மையைப் பள்ளங்களில் அழுத்தி, மேற்பரப்பை வலைத்துணியால் துடைத்து, நனைத்த தாளை மேலே வைத்து உருளை அழுத்தியில் தள்ள வேண்டும். அச்சில் எல்லாம் இடம் வலமாக மாறி வரும் என்பதால் எழுத்தைத் தகட்டில் கண்ணாடியில் தெரிவதுபோல இடம் வலம் மாற்றிக் கீற வேண்டும்.

இது எங்கிருந்தோ வந்த அந்நிய விளையாட்டு என்று நினைக்க வேண்டாம். உலகமெங்கும் நம் தீவின் பெயர் தெரிவதற்குக் காரணமான பொருள்களில் ஒன்று செப்புத் தகட்டு அச்சுதான். 1847இல் ஜோசப் ஆஸ்மண்ட் பர்னார்டு என்பவர் போர்ட் லூயியில் ஒரே செப்புத் தகட்டில் ஒரு பென்னி, இரண்டு பென்னி அஞ்சல்தலைகள் இரண்டையும் செதுக்கினார். ஒவ்வொன்றிலும் 500 தலைகள் அச்சாயின. அவற்றுள் எஞ்சியவற்றுக்காக உலகின் பெருஞ்செல்வர்கள் போட்டி போட்டிருக்கிறார்கள். 1993இல் மொரிசியஸ் நிறுவனங்கள் சில ஒன்றுகூடிப் பெருந்தொகை கொடுத்து ஒரு சோடியை வாங்கின. இப்போது கோடான் துறைமுக முகப்பிலுள்ள புளூ பென்னி அருங்காட்சியகத்தில் அவை இருக்கின்றன. வெளிச்சம் பட்டுப் பட்டு நிறம் மங்கிவிடக் கூடாதென்று உண்மையான தலைகளின்மேல் விளக்கைச் சிறிது நேரமே எரிய விடுகிறார்கள். நகருக்குப் போகும் வாசகர்கள் அந்தச் சில நிமிடங்களுக்காகக் காத்திருந்து பார்க்கலாம். ஒருவர் கையால் உலோகத்தில் கீறிய கோடு 170 ஆண்டுகளுக்கு மேலாக ஒரு நாட்டுக்குச் செய்துவரும் தொண்டு அது.

என் மகள் தன் செப்புத் தகட்டில் எங்கள் முன்னோர் ஒருவரின் முகத்தை எடுத்துக்கொண்டாள். ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் பதிவேடுகள் அவள் படிக்கும் அதே வளாகத்தில்தான் பாதுகாக்கப்படுகின்றன. 1867ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒப்பந்தக் காலம் முடிந்த பழைய கூலிகள் தங்கள் படம் ஒட்டிய சீட்டை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டியிருந்தது. ஆளை அடையாளம் கண்டு பிடித்து நிறுத்துவதற்காக எடுத்த படங்கள் அவை. எங்கள் குடும்பத்துக்குக் கிடைத்த படத்திலும் அந்த மனிதர் புகைப்படக் கருவியைப் பார்க்கும் பார்வையில் அச்சம் தெரிகிறது. அந்த முகத்தை அவள் ஒரு பருவம் முழுக்கப் பார்த்திருந்தாள். புருவத்துக்கு ஒரு கோடு, கன்னத்து எலும்புக்கு நெருக்கமாகப் பல கோடுகள் என்று அவள் கீறக் கீற, சீட்டில் எண்ணாக இருந்தவர் எங்கள் வீட்டுக் கூடத்துச் சுவரில் உறவினராக வந்து சேர்ந்தார். அந்தப் படத்தைக் கண்டதும் என் அக்காள் கைகூப்பினார். அன்பரே, இதை வீண் என்று எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்?

ஒவ்வொரு பருவத்தின் முடிவிலும் மாணவர்கள் தங்கள் வேலையைச் சுவரில் மாட்டிவிட்டு அதன் முன்னால் நிற்க வேண்டும். ஆசிரியர்களும் உடன் படிப்பவர்களும் கேள்வி கேட்பார்கள். இந்த நிறம் ஏன் இங்கே, இந்த ஓரம் ஏன் காலியாக இருக்கிறது, இதை ஏன் இவ்வளவு பெரிதாகச் செய்தாய். 'எனக்குப் பிடித்தது' என்ற பதில் அங்கே செல்லாது. பத்தொன்பது வயதுப் பெண் தன் வேலையைப் பத்துப் பேர் கண்முன்னே பிரித்து ஆராயக் கேட்டுக்கொண்டு நின்று, தலை நிமிர்ந்து பதில் சொல்கிறாள். என் வகுப்பில் எழுந்து நிற்கவே கூசிய பிள்ளைகளைப் பார்த்தவன் நான். இந்தப் பயிற்சியின் அருமை எனக்குத் தெரிகிறது.

இனி, ஓவியமும் சிற்பமும் நம்மவர் தொழில் அல்ல என்ற பேச்சுக்கு வருகிறேன். கரும்பு வெட்ட வந்த கூலிகளுக்கு ஏறத்தாழ நூறாண்டுகள் முன்பே இந்தத் தீவுக்குத் தமிழர்கள் வந்திருக்கிறார்கள். 1735இல் ஆளுநராக வந்த லா பூர்டொனே, போர்ட் லூயியைத் துறைமுக நகராகக் கட்டியெழுப்பப் புதுச்சேரிப் பக்கத்திலிருந்து கொத்தர்களையும் தச்சர்களையும் வரவழைத்தார். கல்லும் மரமும் அறிந்த கைகள் அவை. நம் மக்களின் முதல் தலைமுறை இங்கே கைவினைஞராகத்தான் கால் வைத்தது. நடுவில் வந்த கரும்புத் தோட்ட வாழ்க்கை அந்த வித்தையை நம்மிடமிருந்து பறித்துக்கொண்டது. பிறகு பள்ளி வந்தது, அரசு வேலை வந்தது. வழக்கறிஞர், மருத்துவர், கணக்காளர் என்று முன்னேறினோம். நல்லதுதான். அதோடு கையால் செய்வது தாழ்வு என்ற எண்ணமும் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. அதை வெளியே அனுப்ப வேண்டிய காலம் இது.

கோயிலுக்கு வருவோம். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை திருப்பணி என்பது முறை. நம் தீவில் கடற்காற்றின் உப்பும் சூறாவளியும் அதற்கு முன்பே கோபுரத்தைத் தின்றுவிடுகின்றன. 2024 சனவரியில் பெலால் சூறாவளி அடித்துப் போர்ட் லூயியில் வெள்ளம் புகுந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். பெருந்திருப்பணிக்குத் தமிழ்நாட்டிலிருந்து கோயில் சிற்பிகளான ஸ்தபதிகள் வருகிறார்கள். அவர்கள் வேலையில் குறை சொல்ல எனக்கு வாயில்லை. மாதக்கணக்கில் குடும்பத்தைப் பிரிந்து வந்து வெயிலில் சாரத்தின்மேல் உட்கார்ந்து முகம் முகமாகச் செய்கிறார்கள். சிக்கல் அவர்கள் விமானம் ஏறிய பிறகுதான். அடுத்த சூறாவளியில் ஒரு கந்தர்வனின் விரல் உடைகிறது, ஒரு யாளியின் தாடை விரிசல் விடுகிறது. செப்பனிட யாருமில்லை. வீட்டுச் சுவருக்குப் பூசுகிறவரை அழைக்கிறோம். அவர் சிமென்டை அப்பி, மேலே பளபளக்கும் எனாமல் பூசிவிட்டுப் போகிறார்.

நான் அறிந்த ஒரு கோயிலில் இப்படித்தான் நடந்தது. பழைய சுண்ணச் சுதை மூச்சுவிடும் பொருள்; மழையில் ஈரத்தை வாங்கி வெயிலில் விட்டுவிடும். எண்ணெய் கலந்த எனாமல் அதன்மேல் தோல்போல மூடிக்கொண்டால் உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லை. கொப்புளம் கொப்புளமாக எழுந்து வண்ணம் உரிந்தது. உரியும்போது அடியிலிருந்த சுதையையும் பிய்த்துக்கொண்டு வந்தது. அம்மனின் கண்ணுக்கு மை தீட்டிய கோடு இருந்த இடத்தில் பட்டையாக ஒரு கறுப்பு. பழைய கோடு எப்படி இருந்தது என்று காட்ட ஒரு வரைபடமோ தெளிவான புகைப்படமோ எவரிடமும் இல்லை. என் மகளும் அவள் தோழிகளும் அதைப் பார்த்துவிட்டு வந்து வீட்டில் பேசினார்கள். எந்தப் பூச்சு எந்தப் பரப்பில் நிற்கும், எது எதை உரிக்கும் என்பதை அவர்கள் பட்டறையில் கையால் செய்து படித்திருக்கிறார்கள். அவர்களை யாரும் கேட்கவில்லை.

முன்பு நினைவில் வைக்கச் சொன்ன ஏழரைத் தலைக்கு இப்போது வருகிறேன். நம் சிற்ப நூல் மரபும் முகத்தைத்தான் அளவாகக் கொள்கிறது. அதற்குத் தாலம் என்று பெயர். சிவனுக்கும் திருமாலுக்கும் உத்தம தசதாலம், அதாவது பத்து முக அளவில் மேலானது, 124 அங்குலம். அம்மனுக்கு மத்திம தசதாலம், அதாவது அதில் நடுத்தரமானது, 120 அங்குலம். இந்த அங்குலம் கடையில் விற்கும் அளவுகோலில் உள்ளதன்று. உருவத்தின் மொத்த உயரத்தைப் பகுத்து வருவது. ஆக, தலையை அளவாக வைத்து உடம்பை அளக்கப் பழகிய மாணவிக்கு ஸ்தபதியின் கயிறும் கோடும் புரியாத மந்திரமாக இருக்காது. அளக்கும் பழக்கம் கண்ணுக்குள் ஏற்கெனவே வந்துவிட்டது. மாற வேண்டியது கணக்குத்தான். ஒரு திருப்பணிக் காலம் முழுவதும் ஒரு நல்ல ஸ்தபதியின் பக்கத்தில் நின்றால் இந்தப் பிள்ளைகள் கற்றுக்கொள்ளக்கூடியதை எண்ணிப் பார்க்கிறேன்.

ஆகமம் இடம் தருமா என்று பெரியவர்கள் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். கருவறைக்குள் எவரும் நுழைய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மூலவர் திருமேனி, அதற்குரிய கண்திறப்பு எல்லாம் ஸ்தபதிக்கும் சிவாச்சாரியாருக்கும் உரியவை. நான் சொல்வது கோபுரத்துச் சுதை, மண்டபத்து விதானம், வாகனங்கள், தேர், மதிற்சுவர் ஓவியம். தைப்பூசக் காவடிக்காகப் பத்து நாள் புலால் தவிர்த்து விரதம் இருக்கத் தெரிந்த பிள்ளைகளுக்குச் சாரத்தின்மேல் ஏறும் நாள்களில் அதே ஒழுக்கத்தைக் கடைப்பிடிக்கத் தெரியும்.

இன்னொன்று என் மனத்தை மிகவும் வருத்துவது. பழைய கரும்புத் தோட்டங்களின் ஓரத்தில் மாரியம்மனுக்கும் முனீசுவரனுக்கும் நம் முன்னோர் கையாலேயே பிடித்து வைத்த சிறு உருவங்கள் இருந்தன. அளவு தப்பியவை, கண் பெரியவை. ஊரை விட்டு வந்தவர்கள் நினைவிலிருந்து செய்த தெய்வங்கள். சிறு கோயில் பெரிதாகும்போது அவை போய்ப் புதியவை வருகின்றன. வளர்ச்சியை நான் தடுக்கவில்லை. போவதற்கு முன்னால் ஒரு மாணவர் அங்கே உட்கார்ந்து, நாற்புறமும் அளந்து வரைந்து, சாந்தில் வார்ப்பு எடுத்து வைக்கக் கூடாதா? அந்த வரைபடங்கள்தாம் இந்தத் தீவுத் தமிழரின் சிற்ப வரலாற்றுக்கு முதல் சான்றுகளாக இருக்கும். வேறு எந்த நாட்டு ஆய்வாளரும் வந்து நமக்காக இதைச் செய்யப் போவதில்லை.

எழுத்தின் அழகும் இதில் சேரும். 1998இல் புதிய ரூபாய் நோட்டில் தமிழின் இடம் பின்னே தள்ளப்பட்டபோது நம் சமூகம் கொதித்தெழுந்தது. அந்த நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டன. எழுத்தின் இடத்துக்காக அப்படி எழுந்த மக்களின் கோயில் பெயர்ப்பலகைகளில் புள்ளி இடம் மாறியும் கொம்பு ஒட்டிக்கொண்டும் தமிழ் கிடக்கிறது. எழுத்துருவம் வரையப் பயின்ற பட்டதாரி ஒருவரிடம் அந்தப் பலகையைக் கொடுத்தால் என்ன?

வேலைவாய்ப்பைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. இந்தப் பட்டம் பெற்றவர்கள் இடைநிலைப் பள்ளிகளில் ஓவிய ஆசிரியர்களாகவும், அச்சகங்களிலும் துணி வடிவமைப்பிலும் விளம்பர நிறுவனங்களிலும் இருக்கிறார்கள். வருமானம் ஏறும் இறங்கும், மறைக்க ஒன்றுமில்லை. வண்ணமும் கித்தானும் வெளிநாட்டிலிருந்து வருவதால், கட்டணம் இல்லாத படிப்பிலும் பெற்றோருக்குச் செலவு உண்டு. தங்கள் தமிழ்நாட்டு வாசகர்களுக்குச் சோழமண்டலம் தெரிந்திருக்கும். 1850இல் தொடங்கிய சென்னைக் கலைப் பள்ளியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவர் மாணவர்களும் 1966இல் கடற்கரையில் நிலம் வாங்கிக் கலைஞர் கிராமம் அமைத்தார்கள். மெழுகு தடவிச் சாயம் தோய்க்கும் பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்ற பணத்தில் வாழ்ந்துகொண்டு, தங்கள் ஓவியத்தைத் தங்கள் விருப்பப்படி வரைந்தார்கள். பிழைப்புக்கு ஒரு வழியைத் தாங்களே ஏற்படுத்திக்கொண்டவர்கள் அவர்கள். நம் பிள்ளைகள் அப்படி வழி தேடும்போது, தீவின் கோயில்களில் இத்தனை வேலை காத்துக் கிடக்க, நாம் ஏன் கதவைச் சாத்தி வைத்திருக்க வேண்டும்?

ஆகவே கோயில் நிர்வாகக் குழுக்களுக்குத் தங்கள் நாளிதழ் வழியாக என் வேண்டுகோள் இது. ஸ்தபதியோடு அடுத்த திருப்பணிக்கு ஒப்பந்தம் எழுதும்போது, உள்ளூர் நுண்கலை மாணவர்கள் இருவரையாவது உதவியாளராகச் சேர்த்துக்கொண்டு கற்பிக்க வேண்டும் என்ற ஒரு வரியைச் சேருங்கள். அவர்களுக்கு நாள்கூலி கொடுங்கள். 'சேவை' என்ற பெயரில் இலவசமாக வேலை வாங்காதீர்கள். திருப்பணிக்காகத் தெய்வத்தைத் தற்காலிக இடத்துக்கு மாற்றும் பாலாலயம் செய்வதற்கு முன்பே கோபுரத்தின் ஒவ்வொரு நிலையையும் வரைந்தும் படமெடுத்தும் வைக்க அவர்களுக்கு அனுமதி தாருங்கள். அந்தப் பதிவின் ஒரு படி கோயிலிலும் ஒரு படி மோக்கா நிறுவனத்திலும் இருக்கட்டும். பூசிய வண்ணத்தின் வகையையும் கலவையையும் கணக்கேட்டில் எழுதி வையுங்கள், அடுத்த முறை வருகிறவருக்குத் தெரியட்டும். குழுவில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இதற்காகும் செலவு வாணவேடிக்கைக்கு ஒதுக்கும் தொகைக்குள் அடங்கும்.

அந்தக் கடிதத்தை எழுதிய அன்பருக்கும் ஓர் அழைப்பு. இறுதியாண்டு மாணவர்களின் கண்காட்சி பொதுமக்களுக்குத் திறந்து வைக்கப்படும்போது அவர் குடும்பத்தோடு வர வேண்டும். நான் வாசலில் நின்று வரவேற்பேன். என் மகளும் அவள் வகுப்புத் தோழர்களும் தங்கள் வேலையின் பக்கத்தில் இருப்பார்கள். அவர் கேட்கும் எந்தக் கேள்விக்கும் பதில் சொல்வார்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தமிழாசிரியர்,
ரோஸ்ஹில், மொரிசியஸ்